காலனித் தூளி

ஜூன் 12, திங்கள்

விடியும்போதே காற்று. விடுதி மாடியில் காயப்போட்ட பாவாடை பக்கத்து வீட்டு ஆன்டெனாவில். கேட்கக் கூச்சம், விட்டுவிட்டேன்.

எங்கள் ஊட்டச்சத்து ஆய்வுத் துறையில் மைசூர்பாகு. டாக்டர் வாங்கிக் கொடுத்தது. (இந்த நோட்டில் டாக்டர் என்றால் எங்கள் துறைத்தலைவர் ஒருவர்தான். பெயர் எழுதுவதில்லை. எழுதக் கை கூசுகிறது.) அவருடைய கட்டுரை முடிந்தது. ஜூலைக் கடைசியில் மெட்ராஸ் மாநாட்டில் படிக்கிறார்.

கட்டுரையின் சாரம் ஒரே வரி. சி.பாளையத்தில் ஊர்க் குழந்தைக்கும் காலனிக் குழந்தைக்கும் எடையில் வித்தியாசம் இல்லை.

வேலை ஒன்றும் மந்திரமில்லை. குழந்தைகளைத் தராசில் தொங்கவிட்டு எடை போடுவது. பிறகு இரண்டாகப் பிரிப்பது: தோட்டம் வைத்திருக்கிறவர்கள் குடியிருக்கிற ஊர், சாலைக்கு அந்தப் பக்கம் அவர்களிடம் கூலிக்குப் போகிற காலனி. இரண்டு சராசரியையும் பக்கத்தில் வைத்தால் நடுவில் ஓர் இடைவெளி தெரியும். அதுதான் ஏற்றத்தாழ்வு. எங்கே போய் அளந்தாலும் தெரியும். இங்கே தெரியவில்லை. கணக்குப் போட்டது நான். திரும்பத் திரும்பப் போட்டும் அதேதான்.

சி.பாளையம் டாக்டரின் சொந்த ஊர். ஆனைமலைக்குப் போகிற வழி. "நம்மூரைப் பாத்து மத்தவங்க கத்துக்கட்டுமுங்க" என்றார், வாயில் மைசூர்பாகோடு.

கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் என் பெயர். 'தட்டச்சு உதவி'. எனக்குத் தட்டச்சே தெரியாது. எம்.எஸ்ஸி. புள்ளியியல் படித்தவள்.

ஜூன் 13, செவ்வாய்

செருப்பு வார் அறுந்தது. காந்திபுரத்தில் தைத்தேன். அம்மாவுக்குக் கடிதம் எழுதவில்லை, நாளைக்கு.

வேலை இல்லாத நேரத்தில் உயரக் கணக்கை எடுத்தேன். அதை யாரும் கேட்கவில்லை, மாநாட்டுக்கு எடையே போதும் என்று சொல்லியிருந்தார். காலனிக் குழந்தைகள் குட்டை. நன்றாகவே குட்டை. ஆனால் எடை மட்டும் ஊர்க் குழந்தைகளுக்குச் சமம். அப்படியென்றால் காலனியில் இருப்பதெல்லாம் குட்டையும் கொழுகொழுவுமாக இருக்க வேண்டும். நான் அங்கே போனவள். ஒரு கன்னத்திலும் சதை பார்த்ததாக ஞாபகம் இல்லை.

டாக்டரிடம் கேட்டேன். தலையே தூக்கவில்லை.

"அது உடம்புவாகுங்க அம்மணி. தோட்டங்காட்டு வேலை செய்யற சனம். எலும்பு கனமா இருக்குமுங்க."

எலும்பு கனமாம். என் எலும்பையும் சேர்த்துத்தான் சொன்னார். தெரிந்தே சொன்னார். நான் கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு காலனியில் பிறந்தவள். வேலைக்குச் சேர்ந்த வாரமே ஊர் கேட்டார், பிறகு தெரு கேட்டார். எல்லாம் மிகுந்த மரியாதையோடு.

போன மாசியில் அவருடைய சி.பாளையத்து வீட்டில் எங்கள் எல்லோருக்கும் சாப்பாடு. மற்றவர்களுக்கு உள்ளே எவர்சில்வர் தட்டு. எனக்கு வாசலில் வாழை இலை. "எலைதானுங்க சுத்தம். நீங்க காத்தாட உக்காந்துக்குங்க அம்மணி" என்றார். நன்றிங்க என்று வேறு சொல்லித் தொலைத்தேன். எங்கள் சீமையில் ஒருத்தரை வெளியே உட்கார வைப்பதென்றாலும் இரண்டு 'ங்க' சேர்த்துத்தான் வைப்பார்கள். அடித்த இடம் வீங்காது. அதனால் யாரிடமும் காட்டவும் முடியாது.

அந்தக் கனமான எலும்பு ஒருநாள் அவர் தொண்டையில் சிக்க வேண்டும். எழுதி வைக்கிறேன்.

ஜூன் 14, புதன்

தூறல். ஜீப்பில் சி.பாளையம். சத்துணவு மையங்களில் எடைச் சீட்டைக் கொடுத்து வரும் வேலை.

கூட நசீமா. கோட்டைமேட்டுப் பெண், அவள் அப்பாவுக்கு (அத்தா என்பாள்) அங்கே தையல் கடை. எடை போடும்போது குழந்தையைத் தூளியில் உட்கார வைப்பது அவள். முள்ளைப் பார்த்து எழுதுவது ஆய்வாளர்கள். காலனியில் மட்டும் எழுதியது நான். "காலனிக்கு நீங்களே போயிருங்க அம்மணி, உங்களுக்குப் பழக்கமான எடம்" என்று அனுப்பினார் மகானுபாவர்.

காலனி மையத்து வாசலில் பழனியம்மா வழிமறித்தாள். தேங்காய்க் களத்தில் மட்டை உரிக்கிறவள். இடுப்பில் மகேசு, இரண்டு வயசுப் பெண்.

"ஏனுங்க, உங்க தராசு பொய் சொல்லுமுங்களா?"

"ஏன்க்கா?"

"இவள நோஞ்சான்னு நர்சம்மா சொல்றாங்க, பக்கத்தூட்டுக்காரி சொல்றா. உங்க தராசு மட்டுந்தானுங்க நல்லாருக்குதுன்னு சொல்லுது. அதக் கேட்டுப்போட்டு உருண்டைய நிறுத்திப்போட்டாங்க."

சத்துமாவு உருண்டை கோட்டுக்குக் கீழே எடை இருக்கிற குழந்தைக்குத்தான். சீட்டைப் பார்த்தேன். ஒன்பதே கால் கிலோ. கோட்டுக்குச் சற்று மேலே. எழுத்து என்னுடையது. மகேசு என் விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அவள் கையை என் இரண்டு விரலால் சுற்றிப் பிடிக்கலாம், அப்போதும் இடம் இருந்தது.

திரும்பும்போது ஜீப்பில் நசீமா: "அந்தத் தூளியில உக்கார வெச்சா புள்ள கழுத்து வரைக்கும் முங்கிரும்க்கா. அத்தா டபுள் காடாத் துணியில தெச்சாரு. நாலு மூலையிலயும் இரும்பு வளையம் வேற."

"எந்தத் தூளி?"

"காலனித் தூளிதான்."

சாமான் அறைச் சாவியை நாளைக்கு வாங்கி வை என்றேன்.

ஜூன் 15, வியாழன்

பார்த்துவிட்டேன்.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனதும் நானும் நசீமாவும் சாமான் அறையில். தராசை உத்தரத்தில் மாட்டினோம். துறை கொடுத்த மெல்லிய தூளியைத் தொங்கவிட்டோம். முள் பூஜ்யத்தில். அதை எடுத்துவிட்டுக் காலனித் தூளி. வெறும் தூளி, உள்ளே ஒன்றும் இல்லை. முள் கிட்டத்தட்ட அரைக் கிலோவில் போய் நின்றது.

நசீமா "யா அல்லா" என்று கீழே உட்கார்ந்துவிட்டாள்.

நடந்தது இவ்வளவுதான். எடை போட ஆரம்பித்த முதல் நாள் ஊர்ப் பெண்கள் கேட்டார்கள், இதிலேயே காலனிப் புள்ளைகளையும் உட்கார வைப்பீர்களா என்று. டாக்டர் அங்கேயே "சேச்சே, அதுக்குத் தனிங்க" என்றார். அடிக்கடி துவைக்க வேண்டும், உறுதியாக இருக்கட்டும் என்று கனத்த துணியில் இன்னொன்று தைக்கச் சொன்னார். தராசின் பூஜ்யத் திருகை மட்டும் தினமும் காலையில் அவரே சரிசெய்வார், மெல்லிய தூளியை மாட்டி. செய்துவிட்டு மேலே பிளாஸ்திரி ஒட்டிவிடுவார். யாரும் தொடக்கூடாது. அறிவியல் ஒழுக்கம் பற்றி ஒரு பிரசங்கமும் இருக்கும். அந்தப் பிளாஸ்திரியோடுதான் தராசு காலனிக்கு வரும். அங்கே தூளி மாறும். திருகு மாறாது.

இரண்டு தூளி இருப்பது எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். டீக்கடையில் இரண்டு டம்ளர் இருக்கிற மாதிரி, பார்த்துப் பழகிய கண். ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

அரைக் கிலோவைக் கழித்துப் புதிதாகக் கணக்குப் போட்டேன். காணாமல் போன இடைவெளி வந்து நின்றது, என் கை அகலத்துக்கு. அவர்கள் தீண்டாமைதான் அவர்கள் தீண்டாமையை இத்தனை நாள் மறைத்து வைத்திருந்தது. மறைத்து எழுதிய கை என்னுடையது. இதற்கும் சேர்த்து அவர் பதில் சொல்ல வேண்டும்.

ஜூன் 16, வெள்ளி

இரவு சாம்பாரில் பூச்சி. யாரும் கத்தவில்லை, எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிட்டோம்.

முடிவு செய்துவிட்டேன். இப்போது சொல்லக்கூடாது. சொன்னால் என்ன ஆகும் என்று தெரியும். "நெம்ப சந்தோசமுங்க அம்மணி" என்பார். சத்தமில்லாமல் திருத்திக்கொள்வார். தானே கண்டுபிடித்ததாக இன்னொரு கட்டுரையும் எழுதுவார். அதிலும் நான் தட்டச்சு உதவி.

மெட்ராஸில் மேடை ஏறட்டும். படம் போட்டுக் காட்டட்டும். சொந்த ஊர்ப் பெருமை பேசட்டும். கேள்வி நேரத்தில் பின்வரிசையிலிருந்து நான் எழுந்திருப்பேன். ஒரே கேள்வி.

'தூளியை எடை போட்டீர்களா, டாக்டர்?'

போதாது. 'எத்தனை தூளி வைத்திருந்தீர்கள், டாக்டர்?' இது நன்றாக இருக்கிறது. எத்தனை என்று சொன்னால் ஏன் என்றும் சொல்ல வேண்டும். கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தேன். பக்கத்துக் கட்டில் டீச்சர், யாரோடு சண்டை என்று கேட்டாள்.

ஜூன் 20, செவ்வாய்

மேலிடத்து உத்தரவு நகல் வந்தது. ஊருக்கும் காலனிக்கும் எடையில் வித்தியாசம் இல்லை என்று டாக்டரின் ஆய்வு சொல்வதால் காலனிக்குத் தனி மையம் தேவையில்லை. ஜூலை முதல் தேதியிலிருந்து ஊர் மையத்தோடு சேர்க்கப்படும். ஊர் மையம் கோவில் வாசலில் இருக்கிறது. காலனிக் குழந்தைகள் அதன் படி ஏறியதில்லை, இனியும் ஏறப்போவதில்லை. பரிந்துரை: டாக்டர்.

நசீமா என் மேஜைக்கு வந்தாள்.

"இன்னிக்கே சொல்லிருங்கக்கா."

"மாநாடு வரைக்கும் பொறு."

"அதுவரைக்கும் அந்தப் புள்ளைங்க?"

"ஒரு மாசம்தானே."

"உங்களுக்கு ஒரு மாசம். மகேசுக்கு?"

அவர் என்னை வாசலில் உட்கார வைத்த நாளில் நீ உள்ளே தட்டில்தானே சாப்பிட்டாய் என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. திரும்பிப் போய்விட்டாள். அவளுக்கு அங்கே போட்டதும் தனித் தட்டுதான். அதற்கப்புறம் அந்த வீட்டில் அதில் யாரும் சாப்பிட்டிருக்க மாட்டார்கள்.

ஆனாலும் பொறுப்பேன். இத்தனை வருடத்துக்கு ஒரே ஒரு அடி, அது நடுமேடையில் விழ வேண்டும்.

ஜூன் 25, ஞாயிறு

ஆனைமலை. தனியாக. பொள்ளாச்சி பஸ்ஸில் நின்றுகொண்டே.

மாசாணியம்மன் கோவிலில் நீதிக்கல் இருக்கிறது. அநியாயம் செய்தவன் பெயரைச் சொல்லி மிளகாய் அரைத்து அதில் பூசினால் அம்மன் பார்த்துக்கொள்வாள். பலித்த பிறகு வந்து கல்லைக் குளிர வைக்க வேண்டும். எனக்கு நம்பிக்கை உண்டா இல்லையா என்று நான் கணக்குப் பார்க்கவில்லை. மிளகாய் வாங்கினேன். நல்ல காரமாகக் கேட்டு வாங்கினேன்.

அரைக்கிற இடத்தில் பெண்கள் கூட்டம். கண் எரிய, மூக்கு ஒழுக, ஒருத்தரும் ஒருத்தரைப் பார்க்காமல். எனக்கு அம்மி கிடைத்ததும் டாக்டரை முழுப்பெயர் சொல்லி, பட்டத்தோடு சொல்லி அரைத்தேன். அந்த வாழை இலையைச் சொன்னேன். எலும்பைச் சொன்னேன். இத்தனை சுகமாக நான் எதையும் அரைத்ததில்லை.

பக்கத்து அம்மியில் குனிந்திருந்தவள் நிமிர்ந்தாள். பழனியம்மா.

"அம்மணியும் வந்துட்டீங்களா."

"நீங்க யாரு மேலக்கா?"

"எம்புள்ளைக்கு எட எழுதுன கை மேலீங்க. அந்தக் கை அழுவட்டும்னு."

அரைப்பதை நிறுத்தினேன். "அக்கா, எழுதுனது நான்."

"தெரியுமுங்க."

திரும்ப அரைக்க ஆரம்பித்தாள். குரலில் கோபம்கூட இல்லை. "முந்தாநேத்திருந்து வகுறு போகுது அவளுக்கு. எங்கூட்டுக்காரர்கிட்ட உட்டுப்போட்டு வந்தேன். ஒன்னாந்தேதியிலிருந்து மையமும் இல்லீங்களாமா. உங்க எழுத்தக் காட்டித்தான் மூடறாங்க."

என்னிடம் பதில் இருந்தது. தூளி, திருகு, பிளாஸ்திரி, எல்லாம் பத்து நாளாகக் கையில் வைத்திருக்கிறேன். சொன்னேன். அந்தச் சத்தத்தில், மிளகாய் நெடியில், எல்லாவற்றையும் சொன்னேன். மெட்ராஸ் மேடையையும் சொன்னேன்.

கேட்டு முடித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள். "பத்து நாளா தெரியுமுங்களா?"

பிறகு விழுதை வழித்து எடுத்துப் போய்க் கல்லில் பூசினாள். நான் பூசிய இடத்துக்குப் பக்கத்திலேயே. எது அவளுடையது எது என்னுடையது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

கை இன்னும் எரிகிறது. மோரில் ஊற வைத்தும் எரிகிறது.

ஜூன் 26, திங்கள்

பத்து மணிக்கே டாக்டர் அறை. இரண்டு தூளியையும் மேஜைமேல் போட்டேன். சொன்னேன்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நெம்ப சந்தோசமுங்க அம்மணி." (ஒரு எழுத்து தப்பாமல்.) "நல்ல வேளை, நமக்குள்ளயே தெரிஞ்சுது. மாநாடு முடியட்டும், ஒரு அடிக்குறிப்பு போட்டறலாம்."

"மையத்த மூடறாங்களே டாக்டர்."

"அது அவங்க முடிவுங்க. நாம என்னங்க பண்றது? அப்பறம், கட்டுரையில உங்க பேரு ரெண்டாவதா வரட்டும். நாஞ் சொல்லிப்போடறேன்."

ஒரு நிமிடம் அச்சில் என் பெயரைப் பார்த்தேன். பொய் சொல்லவில்லை, நன்றாகவே பார்த்தேன். அம்மாவிடம் காட்டுவது வரைக்கும் போய்விட்டேன்.

"எல்லாப் புள்ளைங்களையும் ஒரே தூளியில மறுபடி எடை போட்டறலாங்க டாக்டர்."

"ஒரே தூளின்னா ஊர்ல ஒரு புள்ள வராதுங்க. நாலாந்தேதி மெட்ராஸ் ஆபீஸ்ல இருந்து அந்தம்மா மேற்பார்வைக்கு வர்றாங்க. சும்மா அஞ்சாறு புள்ளைகள எடை போட்டுக் காட்டுனாப் போதும். அப்பொ ஒன்னும் பேசிக்காதீங்க."

"சரிங்க டாக்டர்."

எனக்கும் 'ங்க' போட வரும்.

ஜூன் 28, புதன்

நசீமாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "போங்கக்கா" என்றாள். சாயங்காலம் கோட்டைமேட்டில் அவள் அத்தா கடை. இஞ்சி டீ. காலனித் தூளியை அவரிடம் கொடுத்து, வளையத்தைப் பிடுங்கிவிட்டுக் காய்கறிப் பையாகத் தைத்துத் தரச் சொன்னேன்.

"நல்லா இருக்கற சாமானம்மா, எதுக்குப் பிரிக்கணும்?"

"இனி வேண்டாமுங்க."

தைத்துக் கொடுத்தார். உறுதியான பை. உக்கடத்தில் இரண்டு கிலோ தக்காளி வாங்கிப் பார்த்தேன், தாங்குகிறது.

ஜூலை 4, செவ்வாய்

இதை விவரமாக எழுதப் போகிறேன். வயதான பிறகு எடுத்துப் படிக்க.

மெட்ராஸ் அதிகாரி அம்மா. கதர்ப் புடவை, சின்னக் குடை, ஆள் கறார். இந்த ஆய்வுக்குப் பணம் கொடுக்கிற அலுவலகம் அவருடையது. டாக்டர் தன் காரில் முன்னாலேயே போய்ச் சொந்த வீட்டில் விருந்து ஏற்பாடு. ஜீப்பில் அந்த அம்மா, நான், நசீமா. மழை வரும் போலிருக்கிறது, முதலில் காலனியை முடித்துவிடலாமா என்றேன். சரி என்றார். அவ்வளவுதான் நான் செய்த சூழ்ச்சி.

போகிற வழியில் ஊர் மையம். காலனிக் குழந்தைகள் வாசலுக்குக் கீழே மண்ணில், வீட்டிலிருந்து கொண்டுவந்த தட்டோடு. அந்த அம்மா ஜீப்பை நிறுத்தச் சொல்லிப் பார்த்தார். நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார்.

காலனி வேப்பமரத்தில் தராசு. மெல்லிய தூளி. மகேசுதான் முதல். வயிற்றுப்போக்கு நின்றிருக்கிறது, கண் உள்ளே போயிருக்கிறது. தூளியில் உட்கார்ந்ததும் ஒன்றுக்குப் போனாள். முள் எட்டரை. பழைய சீட்டில் ஒன்பதே கால். அடுத்த குழந்தை, அதற்கடுத்தது, எல்லாமே பழைய எடைக்குக் கீழே. கிட்டத்தட்ட அரைக் கிலோ.

"எல்லாமே எப்படிம்மா குறையும்? வளர்ற பிள்ளைங்க."

"அப்ப எடை போட்டது வேற தூளிங்கம்மா. கனமான தூளி."

"இங்க மட்டும் எதுக்கு வேற தூளி?"

"அதை டாக்டர் சொல்லுவாருங்க."

டாக்டர் வீடு. போர்ட்டிகோவில் நாற்காலி, இளநீர். மாமனார் வீட்டுக்கு வந்திருக்கிற மருமகள் கையில் பேத்தி. ஆய்வறிக்கை அட்டையில் தூளியில் சிரிக்கிற குழந்தை இதுதான். "இந்தப் பாப்பாவிலிருந்தே ஆரம்பிக்கலாமே" என்றார் அதிகாரி அம்மா. நான் சொல்லிக் கொடுக்கவில்லை, சத்தியம்.

நசீமா தூளியை உதறினாள். நடுவில் ஈரம். டாக்டர் என் பக்கத்தில் வந்தார்.

"இன்னொன்னு எங்கீங்க அம்மணி?"

"இது ஒன்னுதானுங்க டாக்டர்."

டாக்டரின் மனைவி உள்ளேயிருந்து வந்து குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். "பாப்பாக்குக் காச்சலுங்க."

என் பையில் தெர்மாமீட்டர் எப்போதும் உண்டு. குழந்தை நசீமாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. அக்குளில் வைத்தேன், எடுத்தேன், அதிகாரி அம்மாவிடம் காட்டினேன். சாதாரணம்.

எடை போட மறுத்தால் காரணத்தை எழுத வேண்டும். எங்கள் துறையில் டாக்டரே வைத்த விதி. பேனாவைத் திறந்தேன்.

"காரணம் என்னனு எழுதட்டுங்க, டாக்டர்?"

இளநீரைக் கீழே வைத்தார். முகத்தில் ஒரு துளி நிறம் இல்லை. "ஊட்டுல... ஊட்டுல இருக்கறவங்களுக்கு விருப்பமில்லைன்னு எழுதுங்க."

"எதுக்குங்க விருப்பமில்லை?"

மழை பிடித்துக்கொண்டது. அவர் மனைவிதான் பேசினார், அதிகாரி அம்மாவைப் பார்த்து, வந்த விருந்தாளிக்குச் சொல்கிற அதே பணிவோடு.

"காலனிப் புள்ளைங்க உக்காந்த தூளிங்களே. அதுல எப்பிடிங்க வெக்கறது? டாக்டருந்தான் அதுக்குத் தனியா ஒன்னு வெச்சிருந்தாருங்களே. சாப்புடலாம் வாங்க, ஆறுது."

அதிகாரி அம்மா அதை எழுதிக்கொண்டார். நானும் எழுதினேன். டாக்டர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை நேரம் பார்த்தாலும் அலுக்காது போலிருந்தது.

அதற்கப்புறம் ஊர்த் தெருவில் ஒரு கதவும் திறக்கவில்லை. ஒவ்வொரு வாசலிலும் மரியாதையாகச் சொன்னார்கள், மன்னிச்சுக்குங்க அம்மணி என்று. ஒவ்வொன்றையும் எழுதினேன்.

சாப்பிடாமல் திரும்பினோம்.

ஜூலை 7, வெள்ளி

காய்ச்சல், எனக்குத்தான். இரண்டு நாள் படுக்கை. டீச்சர் கஞ்சி கொடுத்தாள்.

இன்று துறைக்குப் போனதும் அதிகாரி அம்மாவிடமிருந்து போன். ஒரு பக்கத்துக் குழந்தைகள்தான் எடையில் வந்திருக்கிறார்கள், மறுபக்கம் வரவில்லை, ஒப்பிட முடியாதே என்று கேட்டார். வராததையே முடிவாகப் போடலாம் என்றேன். அப்படியென்றால் காரணத்தோடு ஓர் அட்டவணையாகத் தயார் செய்து அனுப்பு, உன் பெயரில் அனுப்பு என்றார். மையத்தைத் திரும்பத் திறக்கக் காலனி எடை மட்டுமே போதுமாம். அந்த உத்தரவை நிறுத்தி வைக்கச் சொல்லி எழுதிவிட்டாராம்.

மெட்ராஸ் மாநாட்டுக்கு டாக்டர் போகப் போவதில்லையாம். உடல்நிலை. அவருக்கும் காய்ச்சலா என்று யாராவது வெப்பம் பார்த்தார்களா தெரியவில்லை.

ஜூலை 10, திங்கள்

என் வேலை இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. ஒப்பந்தம் நீட்டிக்கப்படாது.

"உங்க திறமைக்கு இந்த எடம் பத்தாதுங்க அம்மணி. பெரிய எடத்துக்குப் போங்க." எழுந்து நின்று சொன்னார். இதற்கு முன் எனக்காக எழுந்ததில்லை.

மத்தியானம் மைசூர்பாகு வாங்கி வந்தேன். துறை முழுக்கக் கொடுத்தேன், முதல் துண்டு அவருக்கு. எதற்கு என்று கேட்கவில்லை. வாங்கிக்கொண்டார், மரியாதைக்காரர். மென்று முழுங்கும்வரை அங்கேயே நின்றேன்.

அம்மாவுக்குக் கடிதம் எழுதிவிட்டேன். வேலை போனதை எழுதவில்லை.

ஜூலை 16, ஞாயிறு

ஆனைமலை போய் என் பங்குக்குக் கல்லைக் குளிர வைத்தேன். பலித்தாகிவிட்டது, வேறென்ன வேண்டும்.

திரும்பும் வழியில் சி.பாளையம் காலனி. மையம் திறந்திருக்கிறது. மகேசு வாசலில் உட்கார்ந்து உருண்டை தின்றுகொண்டிருந்தாள், பாதி வாயில், பாதி மடியில். பழனியம்மா களத்திலிருந்து வந்தாள், முந்தானையில் நார்.

"வாங்க அம்மணி. உக்காருங்க."

காய்கறிப் பையில் கொண்டுபோன பழத்தைக் கொடுத்தேன். நடந்ததெல்லாம் சொன்னேன், டாக்டரின் முகம், மைசூர்பாகு, வேலை போனது. எல்லாவற்றுக்கும் ஆமாங்க, ஆமாங்க. சிரிக்கவும் செய்தாள். கடைசியில் கேட்டேன்.

"கல்லக் குளிர வெச்சுட்டீங்களாக்கா?"

"இல்லீங்க."

"மையம் வந்துருச்சே. உருண்டையும் வந்துருச்சு."

குனிந்து மகேசின் மடியில் சிந்தியிருந்த மாவை ஒவ்வொன்றாக எடுத்து அவள் வாயில் வைத்தாள்.

"ஒம்பதே கால்னு நீங்க எழுதுனீங்கல்ல அம்மணி. எம்புள்ள நெசமாலுமே ஒம்பதே காலுக்கு வரட்டும். அன்னைக்குப் போய்க் குளுர வெக்கறேன்."

போன செவ்வாய் எட்டு அறுநூறு. நசீமாதான் போட்டாள், செவ்வாய்தோறும் போடுவாள். பூஜ்யத் திருகை முதலில் பார் என்று சொல்லியிருக்கிறேன்.